நிலக்கல்: சபரிமலைப் பாதையின் காட்டுத் தாவளம்

நிலக்கல், கேரளத்தின் பத்தனம்திட்டா மாவட்டத்தில் ரான்னிக் காடுகளுக்கு நடுவே உள்ள மலை ஊர். ஊர் என்ற பேச்சே தவிர, தெருவும் வீடுமாக இங்கே அதிகம் கிடையாது. ஒரு சிவன் கோயில், பேருந்து நிலையம், தேவஸ்வம் கட்டிய தங்குமிடங்கள், ரப்பர் தோட்டமாக இருந்த மேட்டைச் சமன்படுத்திய வண்டி நிறுத்தங்கள், சுற்றிலும் காடு. ஆனால் கார்த்திகை பிறந்துவிட்டால் இங்கே இரவென்றும் பகலென்றும் வித்தியாசம் இருக்காது. மண்டல பூஜைக் காலத்திலும் அதைத் தொடரும் மகரவிளக்குக் காலத்திலும் வாகனத்தில் சபரிமலைக்கு வரும் பக்தர்களில் பெரும்பாலோர் இந்த மேட்டில் கால் வைத்துத்தான் மேலே போகிறார்கள். இதே பெயரைச் சொல்லிக்கொண்டு இன்னொரு கூட்டமும் இந்தக் காட்டுக்கு வருகிறது. புனித தோமா கட்டிய ஏழு பள்ளிகளில் (தேவாலயங்களில்) ஒன்று இங்கே இருந்தது என்று நம்பும் கேரளக் கிறிஸ்தவர்கள் அவர்கள்.

பத்தனம்திட்டாவிலிருந்து வடசேரிக்கரை, பெருநாடு, ளாகா, பிலாப்பள்ளி வழியாகவும், எருமேலியிலிருந்து கணமலை, இலவுங்கல் வழியாகவும் இங்கே வரலாம். இங்கிருந்து அட்டத்தோடு, சாலக்கயம் தாண்டிப் பம்பைக்குச் சுமார் 20 கிலோமீட்டர். பம்பையிலிருந்து சன்னிதானத்துக்கு 5 கிலோமீட்டர் மலையேற்றம். எருமேலியில் பேட்டை துள்ளி, அழுதையில் குளித்து, கரிமலை ஏறிப் பெருவழியில் நடந்து போகிறவர்கள் நிலக்கல்லைப் பார்ப்பதே இல்லை. சக்கரத்தில் வருகிறவர்களுக்குத்தான் இது வாசல்.

ஐயப்பனின் பூங்காவனம் எனப்படும் பதினெட்டு மலைகளில் நிலக்கல் மலையும் ஒன்று. சன்னிதானத்தின் பதினெட்டுப் படிகள் இந்த மலைகளையே குறிக்கின்றன என்ற விளக்கமும் உண்டு. பொன்னம்பலமேடு, கரிமலை, நீலிமலை, இஞ்சிப்பாறை, தலப்பாறை ஆகியவையும் அந்தப் பட்டியலில் வருகின்றன. இங்குள்ள மகாதேவர் கோயில் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டின் பொறுப்பில் இருக்கிறது. மூலவர் சிவன், கன்னிமூலை கணபதியும் நந்தியும் உபதேவதைகள். தீமையை எதிர்க்கப் புறப்பட்ட மகனை ஆசீர்வதிக்கும் தந்தையாகவே இந்தச் சிவனைப் பக்தர்கள் காண்கிறார்கள். உக்கிரமும் மங்களமும் ஒரே மூர்த்தியில் குடியிருப்பதாக ஐதீகம். மகாசிவராத்திரி இங்கே முக்கிய விழா. சபரிமலைக்குப் போகிற அவசரத்தில் பலர் இந்தக் கோயிலைக் கும்பிட்டபடியே கடந்துவிடுகிறார்கள் என்பதும் உண்மைதான்.

கிறிஸ்தவ மரபில் இந்த இடத்தின் மற்றொரு பெயர் சாயல். இயேசுவின் சீடரான தோமா கி.பி. 52இல் கேரளக் கரையில் இறங்கினார். கொடுங்கல்லூர், பாலையூர், கோட்டக்காவு, கொக்கமங்கலம், நிரணம், கொல்லம், நிலக்கல் ஆகிய ஏழு இடங்களில் சபைகளை நிறுவினார் என்பது அந்த மரபு. எட்டாவதாகக் குமரி மாவட்டத்துத் திருவிதாங்கோட்டில் உள்ள அரைப்பள்ளியையும் சேர்த்து ஏழரைப் பள்ளிகள் என்பார்கள். தக்கலைக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தக் கருங்கல் தேவாலயத்தைத் தமிழ்நாட்டுக்காரர்கள் இன்றும் போய்ப் பார்க்கலாம். பட்டியலில் உள்ள மற்ற ஊர்கள் கடலையோ காயலையோ ஆற்றையோ ஒட்டியவை. நிலக்கல் மட்டும் மலைக்காட்டில் கிடக்கிறது.

அதற்கும் ஒரு காரணம் சொல்கிறார்கள். பாண்டிய நாட்டையும் கேரளக் கரையையும் இணைத்த வணிகப் பாதைகள் இந்த மலைகளின் ஊடாகப் போயின. மிளகும் மலைச்சரக்கும் கைமாறிய இடத்தில் ஒரு குடியிருப்பு இருந்து, பின்னால் அது அழிந்தது. அங்கிருந்தவர்கள் காஞ்சிரப்பள்ளி போன்ற சமவெளி ஊர்களுக்கு இறங்கிப் போனார்கள் என்பது குடும்ப வரலாறுகளில் திரும்பத் திரும்ப வரும் செய்தி. ஐயப்பனை வளர்த்ததாகக் கருதப்படும் பந்தளம் அரச குடும்பமும் தன்னைப் பாண்டிய வழியினர் என்றே சொல்லிக்கொள்கிறது. தோமாவின் வருகைக்குக் கல்வெட்டுச் சான்று கிடையாது. ஐயப்பன் கதைக்கும் ஆண்டுக் கணக்கு கிடையாது. இரண்டிலும் பொதுவாக இருப்பது மலையைத் தாண்டிப் போன ஒரு பாதையும் அதில் நடந்தவர்களின் நினைவும்தான்.

இந்த இரண்டு நினைவுகளும் 1983இல் நேருக்கு நேர் மோதின. அந்த ஆண்டு மார்ச் 24ஆம் தேதி, மகாதேவர் கோயிலுக்கு அருகே அரசின் ஃபார்மிங் கார்ப்பரேஷன் தோட்டத்தில் ஒரு கற்சிலுவை கிடைத்ததாகச் செய்தி பரவியது. தோமாவின் பழைய பள்ளி இருந்த இடம் இதுவே என்று கிறிஸ்தவர்கள் வழிபாடு தொடங்கினார்கள். சிலுவை பிறகு கொண்டுவந்து வைக்கப்பட்டது என்பது இந்து அமைப்புகளின் வாதம். கே. கருணாகரன் அப்போது முதலமைச்சர். கோயிலுக்குப் பக்கத்திலேயே பள்ளி கட்ட நிலம் தர அரசு முன்வந்ததும் போராட்டம் மாநிலம் முழுவதும் பற்றிக்கொண்டது. பூங்காவனத்துக்குள் வேறு வழிபாட்டிடம் கூடாது என்பது கோரிக்கை. போராட்டக் குழுவின் முன்னணியில் நின்ற கும்மனம் ராஜசேகரன் பின்னாளில் பாரதிய ஜனதாவின் மாநிலத் தலைவராகவும், 2018இல் மிசோரம் ஆளுநராகவும் ஆனார். கேரளத்தில் இந்து அரசியல் அமைப்பாகத் திரண்ட கதையை எழுதுகிறவர்கள் நிலக்கல்லை விட்டுவிட்டு எழுத முடியாது.

பேச்சுவார்த்தை பல மாதம் நடந்தது. யார் சொன்னது வரலாறு என்ற கேள்விக்கு அதில் விடை காணப்படவில்லை. விடை காண முயலாததுதான் நல்லதாகப் போயிற்று. கோயிலிலிருந்து விலகி, பூங்காவன எல்லைக்கு வெளியே என்று இரு தரப்பும் ஏற்ற ஒரு நிலத்தை ஆங்ஙமூழிப் பக்கம் அரசு ஒதுக்கியது. ஆதி சிலுவை எங்கே இருந்தது என்ற வாதத்தை ஒரு பட்டா தீர்த்துவைத்தது.

அந்த இடத்தில் எழுந்த புனித தோமா எக்யுமெனிக்கல் தேவாலயம் 1984 ஏப்ரல் 8ஆம் தேதி அர்ப்பணிக்கப்பட்டது. கத்தோலிக்கர், ஆர்த்தடாக்ஸ், யாக்கோபாயர், மார்த்தோமா, சி.எஸ்.ஐ. எனப் பல சபைகள் சேர்ந்து எழுப்பியதால், உலகிலேயே இப்படிப்பட்ட முதல் பள்ளி என்று அதை அவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். தோமாவின் பெயரை எந்த ஒரு சபையும் தனிச்சொத்தாக்க முடியாது என்பதால் வந்த ஏற்பாடு இது. ஆர்த்தடாக்ஸ், யாக்கோபாயச் சபைகள் பள்ளிகளின் உரிமைக்காகத் தலைமுறைகளாக வழக்காடி, 2017இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகும் ஓயாத மாநிலத்தில், இருவருக்கும் பொதுவாக ஒரு பள்ளி காட்டுக்குள் இருக்கிறது என்பது சிறிய விஷயம் அல்ல. சபைகள் நிலக்கல்லின் பெயரையும் எடுத்துக்கொண்டன. ஆர்த்தடாக்ஸ் சபையில் 2010 முதல் நிலக்கல் மறைமாவட்டம் உண்டு. மார்த்தோமா சபையில் ரான்னி–நிலக்கல் மறைமாவட்டம். மக்கள் குறைவாக வாழும் ஒரு மேட்டுக்கு இரண்டு ஆயர்கள்!

ஆங்ஙமூழிச் சாலை மூழியாறு, கக்கி அணைகளின் பக்கமாகக் கவிக்குப் போகிறது. 1966இல் மின்உற்பத்தியைத் தொடங்கிய சபரிகிரி நீர்மின் திட்டம் அந்தப் பக்கம்தான். கவியில் ஏலத் தோட்டங்களில் வேலை பார்க்கும் குடும்பங்கள் தமிழ் பேசுகின்றன. 1964ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட மலையகத் தமிழர்களின் வழிவந்தவர்கள் அவர்கள். நிலக்கல்லுக்கும் பம்பைக்கும் இடையே அட்டத்தோட்டில் பழங்குடிக் குடியிருப்பு இருக்கிறது. ளாகா முதல் சாலக்கயம் வரையுள்ள காட்டில் தேனும் குங்கிலியமும் சேகரித்து, இடம் மாறி மாறி வாழும் மலைப்பண்டாரங்களைச் சாலையோரத்தில் காணலாம். பக்திக் கணக்கிலும் வழக்குக் கணக்கிலும் இவர்கள் பெயர் வருவதில்லை. காட்டில் ஆண்டு முழுவதும் இருப்பவர்களோ இவர்கள்தான்.

தமிழ்நாட்டிலிருந்து கூட்டம் பெருகியதற்கு ஒரு வரலாறு உண்டு. 1950இல் சபரிமலைக் கோயில் தீக்கிரையானது. புதிய ஐம்பொன் விக்கிரகத்தைச் செய்யவைத்து, தமிழக ஊர்களில் ஊர்வலமாகக் கொண்டுபோனதில் முன்னாள் சென்னை மாகாண முதல்வர் பி.டி. ராஜனுக்கும் நாடகக் கலைஞர் நவாப் ராஜமாணிக்கத்துக்கும் பங்கு உண்டு. 1975இல் வந்த ‘சுவாமி ஐயப்பன்’ படம் மாலை போடுகிற வழக்கத்தைத் தெருத்தெருவாகக் கொண்டுபோனது. கூட்டம் பெருகப் பெருகப் பம்பைக் கரையில் இடம் போதவில்லை. 1999 ஜனவரி 14ஆம் தேதி, மகரஜோதி பார்க்கத் திரண்டவர்களில் ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் பம்பை ஹில்டாப்பில் நெரிசலில் இறந்தார்கள். பம்பையின் பாரத்தைக் கீழே இறக்க வேண்டும் என்ற பேச்சு அதன்பின் வலுத்தது. நிலக்கல்லில் சுமார் 110 ஹெக்டேர் நிலம் தேவஸ்வம் போர்டுக்கு அடிவார முகாமுக்காகக் கிடைத்தது இந்த வழியில்தான்.

முகாமை உண்மையில் நிறுவியது 2018 ஆகஸ்ட் வெள்ளம். பம்பையாறு திசை மாறிப் பாய்ந்து, திரிவேணிக் கரையின் கட்டடங்களையும் வண்டி நிறுத்தத்தையும் மண்ணில் மூடிவிட்டது. வண்டிகளை நிலக்கல்லில் நிறுத்திவிட்டு, கேரள அரசுப் பேருந்தில் பம்பைக்குப் போவது கட்டாயமானது. அடுத்த மாதமே, செப்டம்பர் 28 அன்று, எல்லா வயதுப் பெண்களும் சபரிமலைக் கோயிலுக்குள் போகலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. துலாம் மாத பூஜைக்காக அக்டோபர் 17இல் நடை திறந்தபோது, தீர்ப்பை எதிர்த்த போராட்டக்காரர்கள் வண்டிகளை மறித்துச் சோதித்ததும், பத்திரிகையாளர்கள் தாக்கப்பட்டதும், தடியடியும், 144 தடையுத்தரவும் நிலக்கல்லில்தான். சன்னிதானத்தின் சண்டையை முப்பது கிலோமீட்டருக்குள் இருக்கும் இந்த மேடு வாங்கிக்கொண்டது. அந்த நவம்பரில் அப்போதைய மத்திய இணையமைச்சர் பொன். ராதாகிருஷ்ணன் இங்கே வந்து, சொந்த வண்டிகளை ஏன் விடுவதில்லை என்று காவல் அதிகாரியிடம் வாதிட்டதும், கடைசியில் அரசுப் பேருந்திலேயே பம்பைக்குப் போனதும் தமிழ்த் தொலைக்காட்சிகளில் நாள் முழுக்க ஓடின.

சீசன் நாளில் இங்கே நடப்பது ஏறக்குறைய ஒரே மாதிரிதான். முகப்பில் ஐயப்பன் படமும் வாடிய சாமந்தி மாலையும் கட்டிய வேன் வந்து நிற்கும். குருசாமி தலைகளை எண்ணுவார். கன்னிசாமிகள் இருமுடியைத் தலையில் ஏற்றிக்கொள்வார்கள்: முன்முடியில் நெய்த்தேங்காய், பின்முடியில் வழிக்கான அரிசியும் பருப்பும். பேருந்து வந்ததும் சரணகோஷத்தோடு ஏறிப் போய்விடுவார்கள். ஓட்டுநர் மட்டும் மிஞ்சுவார். வண்டிக்கு அடியில் பாய் விரித்து, இரவோ மறுநாளோ அவர்கள் திரும்பும்வரை உறக்கம். நிலக்கல்லில் அதிக நேரம் தங்குகிற யாத்திரிகர் யாரென்றால், மாலை போடாத அந்த ஓட்டுநர்தான்.

நீர்தான் இந்த முகாமின் பலவீனம். மேட்டில் ஆறு கிடையாது; சீசன் முழுக்க டேங்கர் லாரிகளை நம்பியே காலம் ஓடியது. சீதத்தோட்டிலிருந்து நீரேற்றிக் கொண்டுவரும் குடிநீர்த் திட்டம் இதற்காக வந்ததுதான். அடுத்த பிரச்சினை குப்பை. பெரியார் புலிகள் காப்பகத்தை ஒட்டிய காடு இது. யானையும் மிளாவும் சாலைக்கு வந்து, நெய்யும் சோறும் ஒட்டிய பிளாஸ்டிக் பையைத் தின்று வயிறு அடைத்துச் செத்திருக்கின்றன. பூங்காவனத்தில் பிளாஸ்டிக்குக்கு உயர் நீதிமன்றத் தடை இருக்கிறது. இருமுடிக்குள் பிளாஸ்டிக் பொட்டலம் வேண்டாம் என்று தேவஸ்வமும் கேட்டுவருகிறது.

இந்த ஆண்டு மாலை போடுகிறவர்கள் இருமுடி கட்டும்போதே மஞ்சள்பொடி, கற்பூரம், பன்னீர் இவற்றின் பிளாஸ்டிக் பொட்டலங்களை வீட்டிலேயே விட்டுவிடலாம். வண்டி எதுவரை போகலாம் என்பது சீசனுக்கு சீசன் மாறும். புறப்படும் முன் விசாரித்துக்கொள்வது நல்லது. தோமா பள்ளியைப் பார்க்க விரும்புகிறவர்கள் நிலக்கல்வரை ஏற வேண்டாம். பிலாப்பள்ளியிலேயே ஆங்ஙமூழிச் சாலையில் திரும்பிவிட வேண்டும்.