குரலிழந்தோர் மீண்டும் பேசிய வரலாறு

உயிர் பெரிதா, குரல் பெரிதா என்று கேட்டால், உயிரே பெரிது என விடை கூறுதல் எளிது. ஆனால், குரல்வளையிலே புற்றுநோய் கண்டவனுக்கு அவ்விடை அத்துணை எளிதாக அமைவதில்லை. அவன் இரண்டையும் எடைபோட்டுப் பார்க்க வேண்டியவனாகின்றான். கடந்த ஒன்றரை நூற்றாண்டுக் காலச் சத்திர சிகிச்சையின் வரலாற்றில் ஒரு பகுதி, இவ்விரண்டையும் ஒருங்கே காப்பதற்கு வைத்தியர்கள் செய்த முயற்சியின் வரலாறே.

குரல்வளையின் உட்புறத்தை உயிருள்ள மனிதனிடத்தில் தெளிவாகக் காண வழி வகுத்தவர் ஒரு வைத்தியர் அல்லர், இசையாசிரியர். ஸ்பானிய நாட்டவரான மனுவேல் கார்சியா 1854ஆம் ஆண்டு, பல் வைத்தியரின் சிறு கண்ணாடியொன்றைத் தொண்டைக்குள் வைத்து, சூரிய ஒளியை அதன்மேற் செலுத்தித் தமது குரல் நாண்களின் அசைவைத் தாமே கண்டார். அடுத்த ஆண்டு இலண்டன் றோயல் சங்கத்துக்கு அதனை அறிவித்தார். பாட்டின் இரகசியத்தை அறிய எழுந்த அம்முயற்சி, நோயைக் காணும் கண்ணாக வைத்தியருக்குப் பயன்பட்டது.

நோயைக் கண்டபின் அதனை அகற்றும் எண்ணம் எழுந்தது. வியன்னாவிலே தியோடர் பில்றோத் என்னும் பேராசிரியரின் உதவியாளரான வின்சென்ஸ் செர்னி, 1870ஆம் ஆண்டளவில் நாய்களின் குரல்வளையை அகற்றி, அவை உயிர்வாழக் கூடும் எனக் காட்டினார். 1873ஆம் ஆண்டு திசெம்பர் 31ஆந் திகதி, பில்றோத் புற்றுநோய்க்காக ஒரு மனிதனின் குரல்வளையை முழுவதும் அகற்றினார். அந்நோயாளி 36 வயதுடைய சமய ஆசிரியர். பேச்சையே தொழிலாகக் கொண்டவர். பில்றோத்தின் மற்றோர் உதவியாளரான கார்ல் குசன்பவர், உலோக நாக்குப் பொருத்திய செயற்கைக் குரல்வளையொன்றை அவருக்கெனச் செய்தார். ஏற்றத்தாழ்வற்ற ஒரே தொனியிலேனும், பிறர் விளங்கிக்கொள்ளுமாறு அவர் பேசினார். ஏழு மாதங்களின் பின் நோய் திரும்பியது, அவர் இறந்தார். எனினும், குரல்வளையை அகற்றிய அன்றே குரலை மீட்கும் பொறுப்பும் வைத்தியரைச் சார்ந்துவிட்டது.

தொடக்க காலத்தில் இச்சிகிச்சைக்கு உட்பட்டோர் பலர் நோயினாலன்றிச் சிகிச்சையினாலேயே மாண்டனர். உணவுப் பாதையும் மூச்சுப் பாதையும் சந்திக்குமிடத்திற் காவல் நிற்பது குரல்வளை. அக்காவல் நீங்கவே, உமிழ்நீரும் இரத்தமும் சுவாசப்பைகளுள் இறங்கி, நிமோனியாக் காய்ச்சலை விளைத்தன. பேர்லின் நகரத்துத் தெமிஸ்தொக்கிளஸ் குளுக் இதற்குப் பரிகாரங் கண்டார். மூச்சுக்குழாயின் மேல் முனையைக் கழுத்தின் கீழ்ப்புறத் தோலுடன் தைத்து, இரு பாதைகளையும் அவர் முற்றாகப் பிரித்தார். அதன் பயனாக மரணங்கள் பெரிதுங் குறைந்தன.

இச்சிகிச்சையின் மீதிருந்த அச்சம் அரச மாளிகையையும் எட்டியது. 1887ஆம் ஆண்டு ஜேர்மனியின் முடிக்குரிய இளவரசர் பிரெடெரிக்கின் குரல் கம்மியது. பேர்க்மன் முதலிய ஜேர்மன் வைத்தியர்கள் புற்றுநோயெனக் கருதிச் சத்திர சிகிச்சை செய்யத் துணிந்தனர். இலண்டனிலிருந்து அழைக்கப்பட்ட மொறெல் மக்கென்ஸி உடன்படவில்லை. அவர் எடுத்த தசைத்துணுக்குகளை ஆராய்ந்த புகழ்பெற்ற விர்ச்சோவும் அவற்றிற் புற்றுநோயைக் காணவில்லை. மாதங்கள் கழிந்தன. நவம்பரில் நோய் ஐயமின்றித் தெளிவாகியபோது, குரல்வளையை அகற்றுதற்கு இளவரசர் இசையவில்லை. 1888 பெப்ரவரியில் மூச்சுக்காகக் கழுத்தில் துளையிடப்பட்டது. மார்ச்சில் சக்கரவர்த்தியான அவர், கடதாசித் துண்டுகளில் எழுதியே தம் கருத்தை உணர்த்தி 99 நாள் ஆண்டு, யூன் 15இல் மறைந்தார். காலந் தாழ்த்தியதன் விலையை இதனினுந் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி அரிது.

இருபதாம் நூற்றாண்டிலே சிகிச்சை விரிந்தது. தலையிலும் தொண்டையிலும் தோன்றும் புற்றுநோய் கழுத்தின் நிணநீர்க் கணுக்களுக்குப் பரவுவதை உணர்ந்த அமெரிக்கச் சத்திர வைத்தியர் ஜோர்ஜ் கிறைல், அக்கணுக்களை ஒரே தொகுதியாக அகற்றும் முறையை 132 சிகிச்சைகளின் அனுபவங்கொண்டு 1906இல் வெளியிட்டார். உயிர் பிழைத்தோர் தொகை கூடக்கூடப் பேச்சிழந்தோர் தொகையுங் கூடியது.

அவர்களுக்குக் கைகொடுத்தது உணவுக்குழாயே. காற்றைச் சிறிது சிறிதாக உணவுக்குழாய்க்குள் இழுத்து மீண்டும் மேலே விடும்போது, அதன் மேல்வாய்த் தசைகள் அதிர்ந்து ஒலி எழுப்பும். நாவும் உதடும் அவ்வொலியைச் சொல்லாக்கும். பலர் மாதக்கணக்காகப் பயின்று இதனைக் கைவரப்பெற்றனர். முயன்றுங் கைகூடாதோரும் உளர். அத்தகையோர் கழுத்தில் வைத்துப் பேசும் மின்கருவியை நாடினர். குரல்வளை இழந்தோர் 1952இல் சர்வதேசச் சங்கமொன்றும் நிறுவினர். பேசக் கற்றவரே புதிய நோயாளிக்கு ஆசானாயினர். குரல்வளையற்ற ஒருவர் தம்முன் நின்று பேசக் கேட்பதைவிடச் சிறந்த ஆறுதல் அந்நோயாளிக்கு வேறெது?

1980ஆம் ஆண்டில் அமெரிக்கரான சிங்கரும் புளொமும் எளிய வழியொன்றை வெளியிட்டனர். மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் இடையே சிறு துளையிட்டு, ஒருபுறமாக மட்டுந் திறக்கும் சிலிக்கோன் வால்வைப் பொருத்தினர். கழுத்துத் துளையை விரலால் மூடினால், சுவாசப்பையின் காற்று உணவுக்குழாயுட் சென்று குரலாகும். உணவோ மூச்சுக்குழாயுள் இறங்காது. குசன்பவர் நாடியது நூறாண்டுக்குப் பின் இவ்வாறு நிறைவேறியது.

குரல்வளையை அகற்றாமலே நோயை வெல்ல முடியுமா என்ற வினாவும் எழுந்தது. 1991இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், முற்றிய குரல்வளைப் புற்றுநோயாளர் 332 பேர் இரு பிரிவாகச் சிகிச்சை பெற்றனர். ஒரு பிரிவினர்க்குச் சத்திர சிகிச்சையும் கதிர்ச் சிகிச்சையும். மற்றப் பிரிவினர்க்கு மருந்தும் கதிர்ச் சிகிச்சையும் அளிக்கப்பட்டன. ஈராண்டின் பின் இரு பிரிவிலும் நூற்றுக்கு 68 பேர் உயிருடனிருந்தனர். மருந்து பெற்றோருள் நூற்றுக்கு 64 பேரின் குரல்வளை காக்கப்பட்டது. எனினும் இம்முறை எல்லார்க்கும் பொருந்துவதன்று. குருத்தெலும்பை அழித்துப் பரவிய நோய்க்கு இன்றும் கத்தியே பெரும்பாலும் துணையாகின்றது.

புகைத்தலும் மதுவுமே இந்நோயின் தலையாய காரணங்கள். குரல் நாணில் தோன்றும் புற்றுநோய் தொடக்கத்திலேயே குரலை மாற்றித் தன்னைக் காட்டிக்கொடுக்கும். ஆகையால், மூன்று வாரங்களுக்கு மேலுந் தீராத குரற்கம்மலைத் தடிமனென்று புறக்கணியாது வைத்தியரிடங் காட்டுதல் வேண்டும். தொடக்கத்திற் கண்டறியப்பட்ட நோயாளருட் பெரும்பாலோர் உயிரையும் குரலையும் ஒருங்கே காத்துக்கொள்கின்றனர்.