தீராத இருமலின் வரலாறு



தோட்டத்து வீடுகளில் விடியற்காலையில் கேட்கும் ஒலிகளில் இருமலும் ஒன்று. "அது அவருக்கு வழக்கமான இருமல்தான்" என்று வீட்டார் சொல்லிவிடுவார்கள். 'வழக்கம்' என்ற அந்தச் சொல்லுக்குள் எவ்வளவு பெரிய ஆபத்து மறைந்திருக்கிறது என்பதை உலகம் மெல்ல மெல்லத்தான் உணர்ந்தது. அந்த வரலாற்றை இன்று பார்ப்போம்.

நம் நெஞ்சுக்குள் மூச்சுக்குழாய், தலைகீழாக நட்ட மரத்தைப் போலக் கிளை கிளையாகப் பிரிகிறது. அக்கிளைகளின் உட்சுவர் வீங்கிச் சிவக்கும் நோய்க்கு, சார்லஸ் பேதம் என்ற ஆங்கில மருத்துவர் 1808-ஆம் ஆண்டில் 'பிராங்கைட்டிஸ்' என்று பெயரிட்டார். மூச்சுக்குழாய் அழற்சி என்று நாம் சொல்வது இதைத்தான். சளிக்காய்ச்சலோடு வந்து சில வாரங்களில் போய்விடுவது ஒரு வகை. போகாமல் தங்கிவிடுவது நாட்பட்ட வகை. புகையும் தூசியும் ஆண்டுக்கணக்கில் உள்ளே போனால் சளிச் சுரப்பிகள் பெருத்துவிடும். சளியை மேலே தள்ளும் நுண்ணிய மயிரிழைகள் ஓய்ந்துவிடும். தேங்கிய சளியை வெளியேற்ற இருமலைத் தவிர வேறு வழியில்லை.

பெயர் கிடைத்த பிறகும் இந்நோயை யாரும் பெரிதாக எண்ணவில்லை. வீட்டுக்கு வீடு நிலக்கரி எரித்த பிரிட்டனில், ஏழைத் தொழிலாளியின் இருமல் குளிரையும் மழையையும் போல இயல்பானதாகவே கருதப்பட்டது.

கண்ணைத் திறந்தது 1952-ஆம் ஆண்டு. அவ்வாண்டு டிசம்பர் 5-ஆம் நாள் முதல் 9-ஆம் நாள் வரை, காற்றே அசையாத லண்டன் நகரின்மீது கரிப்புகையும் மூடுபனியும் கலந்து கவிந்தன. கண்காட்சிக்குக் கொண்டுவந்திருந்த மாடுகள்கூட மூச்சுத் திணறி மாண்டன. ஏறத்தாழ 4,000 பேர் இறந்ததாக அப்போது கணக்கிட்டார்கள். அத்தொகை 12,000 வரை இருக்கலாம் என்று பிற்கால ஆய்வுகள் கூறின. இறந்தவர்களில் பெரும்பாலோர் முதியவர்களும், முன்னரே நெஞ்சு நோய் இருந்தவர்களுமே. 'வழக்கமான இருமல்' உள்ளவர்களே முதலில் வீழ்ந்தார்கள். 1956-இல் பிரிட்டன் தூய காற்றுச் சட்டத்தை இயற்றியது. 1962 டிசம்பரில் மீண்டும் அத்தகைய புகை சூழ்ந்தபோது, பத்து ஆண்டுகளுக்கு முன் நேர்ந்த அளவுக்கு உயிர்ச்சேதம் இல்லை.

எந்த இருமலை நோய் என்பது? 1965-இல் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஓர் அளவுகோல் வகுத்தது. ஆண்டில் குறைந்தது 3 மாதங்கள், பெரும்பாலான நாள்களில், சளியோடு கூடிய இருமல். தொடர்ந்து 2 ஆண்டுகள் அப்படி இருந்தால், வேறு காரணம் இல்லாதபோது, அது நாட்பட்ட மூச்சுக்குழாய் அழற்சி.

அடுத்து சார்லஸ் பிளெட்சர் என்ற மருத்துவர் தம் குழுவினருடன் லண்டன் தொழிலாளர்களை 8 ஆண்டுகள் தொடர்ந்து சோதித்தார். முடிவுகள் 1976-இல் நூலாக வந்தன. வயது ஏற ஏற நுரையீரலின் ஆற்றல் எல்லாருக்கும் சிறிது சிறிதாகக் குறையும். புகைப்பவர்களில் ஒரு பகுதியினருக்கோ அது விரைந்து சரியும். இழந்தது திரும்பாது. ஆனால் எந்த வயதில் புகையை விட்டாலும் அந்த விரைவான சரிவு தணியும். "இனிமேல் விட்டு என்ன பயன்?" என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில்.

கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும்? குழாய்கள் குறுகும், காற்றுப் பைகளும் சிதையலாம். மேட்டில் ஏறினால் இரைப்பு, பிறகு சட்டை மாட்டினாலே இரைப்பு என்றாகும். நிமோனியா அடிக்கடி தாக்கும். இரத்தத்தில் பிராணவாயு குறைந்து, இதயத்தின் வலப்பக்கம் பழுதுபட்டுக் கால்கள் வீங்கும். புகைப்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் அபாயமும் உண்டு.

"எங்கள் வீட்டுப் பெண்கள் புகைப்பதில்லையே" என்று நாம் ஆறுதல் கொள்வதற்கில்லை. பர்மாவில் பிறந்து, போர்க்காலத்தில் இந்தியா வந்து சேர்ந்த டாக்டர் பத்மாவதி, டில்லியில் இவ்வகையில் இதயம் பழுதுபட்ட 127 நோயாளிகளைப் பற்றி 1959-இல் எழுதினார். அவர்களில் பெண்கள் நிறைய இருந்தார்கள். ஐயம் அடுப்பின் மேல் விழுந்தது. விறகையும் வறட்டியையும் ஊதி ஊதிச் சமைத்த புகையே அவர்களின் நெஞ்சை அரித்திருந்தது. நம் தோட்டங்களில் கேஸ் அடுப்பு வந்துவிட்டது. ஆயினும் விறகடுப்பில் பல்லாண்டு வெந்த தாய்மார்கள் நம்மிடையே இருக்கிறார்கள். 1997-லும் 2015-லும் நம் வானத்தை மூடிய புகைமூட்டத்தையும் நாம் மறக்கவில்லை.

ஆகவே, நேயர்களே, சளியோடு இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அரசாங்க கிளினிக்கில் காட்டுங்கள். காசநோயா என்று முதலில் பார்ப்பார்கள். இரைப்பும் இருந்தால் ஒரு குழாயில் ஊதச் சொல்லி நுரையீரலை அளப்பார்கள். 1846-இல் லண்டனில் ஜான் ஹட்சின்சன் அறிமுகப்படுத்திய முறையின் வழிவந்த சோதனை அது, வலி இல்லாதது. சிகரெட்டையும் பீடியையும் விடுங்கள். பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்குள் புகைக்க இடங்கொடாதீர்கள். குப்பையை வாசலில் கொளுத்தாதீர்கள். சளிக்காய்ச்சல் தடுப்பூசி பற்றி மருத்துவரைக் கேளுங்கள்.

ஒரு நோய் ஊரில் எல்லாருக்கும் இருக்கிறது என்பதால் அது இயல்பாகிவிடாது. லண்டன் மக்கள் ஆயிரக்கணக்கான உயிர்களைக் கொடுத்துக் கற்ற பாடம் அது. நாம் அதைக் கேட்டே கற்றுக்கொள்ளலாம்.