துக்கமும் தூக்கமும்

முதல் உலக யுத்தத்தின்போது பிரிட்டிஷ் ராணுவத்தில் ஒரு விசித்திர வியாதி பரவிற்று. உடம்பில் கீறல்கூட இல்லாத சிப்பாய்க்குக் கை நடுங்கும், பேச்சு அடைத்துக்கொள்ளும். பகலெல்லாம் சோர்ந்து கிடப்பான். இரவில் அலறிக்கொண்டு எழுந்திருப்பான். வெடிகுண்டின் வேகம் மூளையைத் தாக்கியதால் வந்தது என்று எண்ணி, 'குண்டதிர்ச்சி' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். 1915-ல் மையர்ஸ் என்ற வைத்தியர் 'லான்செட்' பத்திரிகையில் அந்தப் பெயரில் எழுதினார். ஆனால் அருகில் குண்டே விழாதவர்களையும் அது பிடித்தது.

கோழைத்தனம் என்றார்கள் மேலதிகாரிகள் பலர். ஹாரி ஃபார் என்ற சிப்பாய், இந்த வியாதிக்காக மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் இருந்தவன். 1916 அக்டோபரில் அவனைச் சுட்டுக் கொன்றார்கள். கோழைத்தனத்துக்காகவும், படையை விட்டு ஓடியதற்காகவும், அவை போன்ற பிற குற்றங்களுக்காகவும் சுடப்பட்ட 306 பேருக்கு மன்னிப்புக் கிடைத்தது 2006-ல். தொண்ணூறு வருஷம் கழித்து!

எடின்பரோவுக்கு அருகே கிரெய்க்லாக்ஹார்ட் ஆஸ்பத்திரியில் ரிவர்ஸ் என்ற வைத்தியர் இருந்தார். நீலகிரிக்கு அவர் புதியவரல்ல. 1901-02-ல் அங்கே தங்கித் தோடர்களின் வம்சாவளிகளைப் பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டு போய், 1906-ல் புத்தகமாக வெளியிட்டவர். கேட்பது அவருக்குக் கைவந்த கலை.

'எல்லாவற்றையும் மறந்துவிடு' என்பதே அந்நாளில் நோயாளிகளுக்குக் கிடைத்த உபதேசம். பகலில் அமுக்கிய நினைவு இரவில் சொப்பனமாக வந்து பழிவாங்குவதை ரிவர்ஸ் கண்டார். 1918-ல் அவர் எழுதிய கட்டுரையில் ஓர் அதிகாரி வருகிறான். சிதறிக் கிடந்த சிநேகிதனின் உடலைத் தேடிக் கண்டெடுத்தவன். இரவுதோறும் அதே காட்சி. 'அப்படிச் சிதறியவன் கணநேரமும் வேதனைப்பட்டிருக்க மாட்டான்' என்று ரிவர்ஸ் எடுத்துச் சொன்னார். சில இரவுகள் சொப்பனமே இல்லை. பிறகு ஒரு நாள் அதே சிநேகிதன் கனவில் வந்தான். விழித்தபோது பயங்கரம் இல்லை. சிநேகிதனை இழந்த துக்கம் மட்டுமே இருந்தது.

எல்லோருக்கும் இந்த மருந்து பலிக்கவில்லை. ஆறுதலுக்கு ஒரு நூலிழைகூட இல்லாத அனுபவம் ஒருவனுக்கு நேர்ந்திருந்ததையும் ரிவர்ஸ் மறைக்காமல் எழுதியிருக்கிறார். அவனை ராணுவத்திலிருந்து விலக்கிக் கிராமத்துக்கு அனுப்பும்படி ஆயிற்று. குணமானவர்கள் கதி என்ன? அவர்களில் பலரைத் திரும்பவும் போர்முனைக்கே அனுப்பினார்கள். வைத்தியருக்கு இட்ட கட்டளையே அதுதான்.

இந்த நோய்க்கு 1980-ல் அமெரிக்க மனோவைத்தியர்கள் புதுப் பெயர் வைத்தார்கள். அதிர்ச்சியும் மனச்சோர்வும் தூக்கக்கேடும் பல சமயம் கைகோத்தே வரும் என்பது இன்று எல்லா வைத்தியர்களும் அறிந்தது. ஆனாலும், தூங்க முடியாதவனைப் பார்த்து, 'அதையே நினைக்காதே' என்று சொல்லும் வழக்கம் நம் வீடுகளில் போகவில்லை. அவன் வாய்விட்டு அழுது தீர்க்க வேண்டிய ஒன்று உள்ளே இருக்கலாம். துக்கத்துக்கு வழிவிட்ட பிறகுதான் சிலருக்குத் தூக்கம் வரும்.