சரக்குகள் ஒவ்வொன்றாய் விலகிய கால்வாய்

பெரம்பூருக்குத் தெற்கே ஓடிவரும் ஓட்டேரி நல்லா, பேசின் பிரிட்ஜ் அருகே பக்கிங்காம் கால்வாயில் கலக்கிறது. இரண்டிலும் இன்று கழிவுநீரே மிகுதியாக ஓடுவதால், வடசென்னையின் அடுப்புக்கு விறகும் சுவருக்குச் சுண்ணாம்பும் உலைக்கு அரிசியும் ஒரு காலத்தில் இந்நீர்வழியில் வந்து இறங்கின என்பதை இப்பகுதியில் வளர்ந்தவர்களே எளிதில் நம்புவதில்லை. இக்கால்வாயின் வீழ்ச்சிக்குச் சாக்கடையையோ புயலையோ ரயிலையோ தனித்தனியே காரணமாகச் சொல்வது வழக்கம். ஆனால் படகுகளின் எண்ணிக்கை குறைவதற்கு வெகுகாலம் முன்பே அவை ஏற்றிவந்த சரக்குகளின் வகை குறையத் தொடங்கிவிட்டது என்பதையும், பின்னர் நேர்ந்த ஒவ்வோர் இடரையும் தாங்கவியலாத நிலைக்குக் கால்வாயைத் தள்ளியது அந்தச் சுருக்கமே என்பதையும் கவனித்தால்தான் இவ்வரலாறு முழுமையாக விளங்கும்.

பேசில் காக்ரேன் என்னும் வணிகரின் முதலீட்டில், சென்னையின் வடபகுதியையும் எண்ணூரையும் இணைத்து 1806இல் வெட்டப்பட்ட 11 மைல் நீளக் கால்வாயே இதன் தொடக்கம். அது விரைவில் பழவேற்காடு ஏரிவரை நீட்டப்பட்டது. 1837இல் அரசு அதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டு படிப்படியாக வடக்கே கொண்டுசென்றது. தாது வருடப் பஞ்சம் என்று மக்கள் நினைவில் நின்ற 1876–78 பெரும்பஞ்சத்தின்போது, நிவாரண வேலையாகக் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் ஏறத்தாழ 8 கிலோமீட்டர் துண்டு வெட்டப்பட்டது. அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் 1878இல் கால்வாய்க்குச் சூட்டப்பட்டது. பசித்தவர்கள் கூலிக்கு மண் சுமந்து வெட்டிய பகுதிக்கு ஆளுநரின் பெயர் நிலைத்தது; வெட்டியவர்களின் பெயர்களை எந்தக் கல்லும் தாங்கவில்லை. ஆந்திரத்தின் பெத்தகஞ்சாம் முதல் மரக்காணம் வரை சுமார் 420 கிலோமீட்டர் நீளும் இக்கால்வாய், வடக்கே கொம்மமூர்க் கால்வாய் வழியாகக் கிருஷ்ணா, கோதாவரி வடிநிலங்களின் கால்வாய்களோடும் தொடர்பு பெற்றிருந்தது.

இது கடலை ஒட்டி, கழிமுகங்களையும் காயல்களையும் கோத்துச் செல்லும் உப்புநீர்க் கால்வாய். கடலின் ஏற்றவற்றம் உள்ளே நுழையும் இடங்களில் நீர்மட்டத்தைச் சமன்செய்ய, இரு கதவுகளுக்கு நடுவே படகை நிறுத்தி நீரை ஏற்றவோ இறக்கவோ செய்யும் அடைப்புகள் கட்டப்பட்டன. இவற்றை ‘லாக்’ என்பர். காற்று வாய்த்தால் பாய் விரிப்பதும், ஆழமற்ற இடத்தில் கழி ஊன்றித் தள்ளுவதும், மற்ற நேரங்களில் கரையில் நடந்து கயிற்றால் இழுப்பதுமாகப் படகுகள் நகர்ந்தன. நெல்லூர்ப் பக்கத்துத் தெலுங்கர்களும் இக்கரைத் தமிழர்களும் இதில் பிழைத்தனர். ஸ்ரீஹரிகோட்டாக் காடுகளில் விறகு வெட்டிய யானாதிப் பழங்குடியினரின் உழைப்பும் இதே நீர்வழியில் சென்னைக்கு வந்து சேர்ந்தது.

சரக்குகளும் அவ்வாறே பலவகைப்பட்டிருந்தன. வடக்கிலிருந்து அரிசி, எண்ணூரை அடுத்த உப்பளங்களிலிருந்து உப்பு, பழவேற்காட்டிலிருந்து சுண்ணாம்புக்கான கிளிஞ்சல், கடலோரத் தோப்புகளிலிருந்து சவுக்கு விறகு எனப் பருவத்துக்கு ஒன்று கைகொடுத்தது. கால்வாய்க்கு இணையாகச் சென்னையிலிருந்து கூடூர் வழியே விஜயவாடாவை நோக்கிய இருப்புப்பாதை 1899இல் திறக்கப்பட்டபின், தொலைவும் விரைவும் முக்கியமான தானியம் ரயிலை நாடியது. உப்பும் அதே வழியில் சென்றது. சால்ட் கோட்டர்ஸ் என்னும் பெயரோடு இன்றும் இருப்பது ரயில்வேயின் சரக்கு முனையமே. சிமென்ட் பரவியதும் கிளிஞ்சல் சுண்ணாம்பின் தேவை தேய்ந்தது. எஞ்சியது விறகு. விலை குறைவு, கனம் மிகுதி, அவசரமில்லை என்னும் மூன்று காரணங்களால் அது படகுக்கே உரிய சரக்காக நீடித்தது. பெரம்பூர், புளியந்தோப்பு, வியாசர்பாடி போன்ற தொழிலாளர் குடியிருப்புகளின் அடுப்புகள் விறகில் எரிந்தவரை விறகுத் தொட்டிகளும் படகுகளும் வாழ்ந்தன.

சரக்குகள் விலகியபோது கால்வாய்க்காகக் குரலெழுப்பக்கூடியவர்கள் யார்? இதே பெரம்பூரில்தான் பக்கிங்காம், கர்நாட்டிக் ஆலைகளின் தொழிலாளர்களைக் கொண்டு 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. ஆயிரக்கணக்கானோர் ஒரே சங்கொலிக்கு உள்ளே சென்று வெளியே வரும் ஆலையில் சங்கம் அமைவது இயல்பு. அங்கும்கூட 1921 வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர்களுக்கும் பிறருக்கும் இடையே பிளவு விழுந்து, புளியந்தோப்பு கலவர பூமியானது. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளத்தில், இரு மொழிகளுக்கும் பல சாதிகளுக்கும் இடையே சிதறிக்கிடந்த படகோட்டிகள் ஒரே குரலில் பேசுவது அதனினும் எத்தனை அரிது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இங்கிலாந்தில் சரக்குப் படகுகள் குறைந்தபோது, ராபர்ட் ஐக்மன், டாம் ரோல்ட் முதலியோர் 1946இல் உள்நாட்டு நீர்வழிச் சங்கத்தைத் தொடங்கி, கைவிடப்படவிருந்த கால்வாய்களை உல்லாசப் படகுகளுக்காகவேனும் காக்கப் போராடினர். ஓய்வும் பணமும் உள்ள நடுத்தர வகுப்பு அங்கே கால்வாயை நேசித்தது. இங்கே கால்வாயை அறிந்தவர்கள் அன்றாடக் கூலிகள்.

1965, 1966ஆம் ஆண்டுகளின் புயல்கள் கரைகளையும் அடைப்புகளையும் சேதப்படுத்தின. 1976இன் புயல் மேலும் சிதைத்தது. மணல் தூர்ந்துகொண்டே இருக்கும் உப்புநீர்க் கால்வாயை இடைவிடாது தூர்வாரினால்தான் படகு ஓடும். பல சரக்குகளும் பல வணிகர்களும் நம்பியிருந்த காலத்தில் அச்செலவை வற்புறுத்தப் பலர் இருந்தனர். ஒரே சரக்கு எஞ்சியபின், அதுவும் மண்ணெண்ணெயும் எரிவாயுவும் அடுக்களைக்குள் வந்துவிட்ட நிலையில், கேட்பதற்கு ஆளில்லை. விறகின் பெருங்கிடங்காக விளங்கிய ஸ்ரீஹரிகோட்டாவே விண்வெளி ஏவுதளத்துக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, 1971இல் அங்கிருந்து ஆய்வு ராக்கெட்டுகள் பறக்கத் தொடங்கின. எண்ணூர் அனல்மின் நிலையத்தின் சாம்பலும் மணலியின் ஆலைக்கழிவும் வடபகுதியைத் தூர்த்தன; சேப்பாக்கம் முதல் மயிலாப்பூர் வரை பறக்கும் ரயிலின் தூண்களும் நிலையங்களும் கால்வாயின் படுகையிலேயே எழுந்தன. அவ்வழித்தடம் 1997இல் மயிலாப்பூரை எட்டிய பதினோராண்டுகளில், 2008இல், காக்கிநாடா முதல் புதுச்சேரி வரையிலான 4ஆம் தேசிய நீர்வழியின் பகுதியாக இதே கால்வாய் அறிவிக்கப்பட்டது.

அகலம், ஆழம், பாலங்களின் உயரம் ஆகியவற்றை அளப்பதோடு இத்தகைய திட்டங்கள் நின்றுவிடலாகாது. எந்தச் சரக்கு இதில் போகும், யார் படகு ஓட்டுவர் என்னும் கேள்விகளுக்கே முதலில் விடை வேண்டும். எண்ணூர்க் கழிமுகத்திலும் கொசஸ்தலையாற்றிலும் இறாலும் நண்டும் பிடித்து வாழும் மீனவர்களே இந்நீர்வழியின் வடபகுதியை இன்றும் நாள்தோறும் படகில் பயன்படுத்துகிறார்கள். அவர்களைக் கலந்தாலோசிக்காமல் வரையப்படும் திட்டம், நீர்வழியை இன்றும் நம்பி வாழ்வோரை விட்டுவிட்டுத் தொடங்குவதாகும்.