குழந்தை எங்கே? நீதிமன்றம் கேட்ட கேள்வியின் வரலாறு

கணவனும் மனைவியும் பிரிந்தபின் குழந்தை யாரிடம் வளரவேண்டும் என்பது நீதிமன்றங்கள் நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் விடயம். அதற்கும் முன்னே நிற்கும் கேள்வி ஒன்று உண்டு. குழந்தை எங்கே இருக்கின்றது? தாயோ தந்தையோ குழந்தையை ஒளித்து வைத்தால், அல்லது கடல் கடந்து கொண்டு சென்றால், எத்துணைச் சிறந்த தீர்ப்பும் ஏட்டுச் சுரைக்காயே ஆகும். இக்கேள்விக்கு விடை பெறும் அதிகாரம் படிப்படியாக வளர்ந்த கதையை இங்கிலாந்தின் சட்ட வரலாற்றிலே தெளிவாகக் காணலாம்.

1804ஆம் ஆண்டில் டி மான்வில் என்னும் பிரெஞ்சுக்காரர், தம்மைப் பிரிந்து வாழ்ந்த ஆங்கில மனைவியிடமிருந்து எட்டு மாதக் குழந்தையைப் பலவந்தமாக எடுத்துச் சென்றார். தாய் ஆட்கொணர்வு எழுத்தாணை கோரி நீதிமன்றத்தை நாடினாள். குழந்தைமீது தந்தைக்கே உரிமை உண்டு எனக் கூறிப் பிரதம நீதியரசர் எலன்பரோ பிரபு அவளுக்கு உதவ மறுத்தார். ஆயினும் சான்சரி நீதிமன்றத்தில் எல்டன் பிரபு, குழந்தையை நாட்டுக்கு வெளியே கொண்டுசெல்லலாகாது எனத் தந்தைக்குத் தடை விதித்தார். தாயின் மடி வெறுமையாகவே இருந்தது. எனினும், நாட்டின் எல்லையைக் குழந்தை கடந்துவிட்டால் நீதியின் கை எட்டாது என்பதை அன்றே ஒரு நீதிபதி உணர்ந்திருந்தார்.

அந்த உண்மையைக் கரோலைன் நோர்ட்டன் என்னும் எழுத்தாளர் தம் வாழ்விலேயே கண்டார். 1836இல் அவருடைய கணவர் புதல்வர் மூவரையும் அவரிடமிருந்து பிரித்து ஸ்கொட்லாந்துக்கு அனுப்பினார். அவருடைய எழுத்தும் முயற்சியும் 1839ஆம் ஆண்டின் குழந்தைகள் பராமரிப்புச் சட்டம் பிறக்கத் துணைபுரிந்தன. ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் பராமரிப்பைத் தாய் கோருவதற்கு அச்சட்டம் வழி திறந்தது. ஆனால் அது ஸ்கொட்லாந்தில் செல்லுபடியாகவில்லை. சட்டம் பிறப்பதற்குக் காரணமான தாய்க்கே அச்சட்டம் கைகொடுக்கவில்லை.

இதன்பின் வந்த இரண்டு தீர்ப்புகள் மறைப்போரின் வாயைத் திறக்கச் செய்தன. நீதிமன்றத்தின் பாதுகாப்பிலிருந்த பிள்ளைகள் மறைக்கப்பட்டபோது, கட்சிக்காரரின் இரகசியம் காக்கவேண்டும் எனக் கூறிச் சட்டத்தரணியும் மௌனம் சாதிக்க முடியாது என 1869இல் தீர்மானிக்கப்பட்டது. மற்றது பெற்றோர் கடத்திய வழக்கன்று. அநாதை இல்லங்களை நடத்திய டொக்டர் பர்னாடோ ஒரு சிறுவனைக் கனடாவுக்குச் செல்பவர் ஒருவரிடம் ஒப்படைத்திருந்தார். தாய் கேட்டபோது, பிள்ளை இப்போது தம்மிடம் இல்லை என்றார். அந்த ஒரு சொல்லோடு வழக்கு முடிந்துவிடாது. நடந்தது யாதென ஆராய நீதிமன்றத்துக்கு உரிமை உண்டு என்று 1892இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது.

ஆகாய விமானங்கள் பெருகிய இருபதாம் நூற்றாண்டில், ஒரு நாட்டின் ஆணை மட்டும் போதாதென்பது வெளிப்படையாயிற்று. 1980 ஒக்டோபர் 25ஆம் நாள் ஹேக் நகரில் ஓர் உடன்படிக்கை உருவாயிற்று. பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளை முறைகேடாகக் கொண்டு செல்லப்பட்டால், அப்பிள்ளை வழக்கமாக வாழ்ந்த நாட்டுக்கு விரைவில் திருப்பி அனுப்பவேண்டும் என்பது அதன் சாரம். ஒவ்வொரு நாடும் ஒரு மத்திய அதிகாரசபையை நியமித்தல் வேண்டும். அச்சபைக்கு விதிக்கப்பட்ட கடமைகளுள் முதலாவது, பிள்ளை இருக்குமிடத்தைக் கண்டுபிடிப்பதாகும். இலங்கையும் 2001இல் இவ்வுடன்படிக்கையிற் சேர்ந்து, அதே ஆண்டில் 10ஆம் இலக்கச் சட்டத்தை இயற்றிற்று.

இங்கிலாந்தில் 1986ஆம் ஆண்டின் குடும்பச் சட்டம், பிள்ளை இருக்குமிடம் பற்றிய தகவலை அறிந்திருக்கக்கூடிய எவரும் அதை நீதிமன்றத்துக்குத் தெரிவிக்கும்படி ஆணையிட வழிசெய்தது. உண்மையைக் கூறினால் தாமோ தம் துணைவரோ குற்றவாளியாக நேரிடும் என்று சொல்லி எவரும் தப்ப முடியாது. ஆயினும் அவ்வாறு கூறிய கூற்று, பொய்ச்சத்தியக் குற்றத்திலன்றி வேறு குற்ற வழக்கில் அவர்களுக்கு எதிரான சான்றாகாது. தண்டிப்பதற்கன்று, பிள்ளையைக் காண்பதற்கே கேள்வி கேட்கப்படுகின்றது என்பதை இது புலப்படுத்தும். உயர் நீதிமன்றத்தின் இத்தகைய ஆணைகளை நிறைவேற்றுபவர் 'டிப்ஸ்டாவ்' எனப்படும் அலுவலர். உலோகப் பூணிட்ட கோலினால் வந்த பழம்பெயர் அது. கடவுச்சீட்டுகளைக் கைப்பற்றவும், ஆணையை மீறுவோரைக் கைதுசெய்யவும் அவருக்கு அதிகாரம் அளிக்கப்படுவதுண்டு.

பிள்ளையுடன் ஓடுவோர் எல்லோரும் கொடியவர் அல்லர். அடிக்கும் உதைக்கும் அஞ்சி ஓடும் தாயரும் உளர். ஆதலால், இருப்பிடத்தை நீதிமன்றத்துக்குத் தெரிவிக்கும்படியே சட்டம் கூறுகின்றது. மற்றத் தரப்பாரிடம் நேரே ஒப்புவிக்கும்படி கூறவில்லை. பிள்ளைக்குப் பாரதூரமான ஆபத்து நேருமாயின் திருப்பி அனுப்ப மறுக்கலாம் என ஹேக் உடன்படிக்கையும் இடமளிக்கின்றது.

1804இல் எலன்பரோ பிரபு கேட்டது, பிள்ளை யாருக்கு உரியது என்பதே. இன்றைய நீதிமன்றம் முதலிற் கேட்பது, பிள்ளை எங்கே, நலமாக இருக்கின்றதா என்பது. உடைமையாகக் கருதப்பட்ட குழந்தை, தனக்கென நலன் உடைய ஓர் உயிராக மதிக்கப்படுவதற்கு இரு நூற்றாண்டுகள் சென்றன.