அசையும் மரமும் அசையாத கதவும்

மீமிசலுக்கு வடமேற்கே உள்ள ஆவுடையார்கோயிலின் கொடுங்கைகளை உங்களிற் பலர் கண்டு வியந்திருப்பீர்கள். மரச் சட்டங்களையும் அவற்றைப் பிணைக்கும் ஆணிகளையும் சிற்பி கல்லிலே வடித்துக் காட்டியிருக்கிறான். ஆயினும் தச்சனுக்குள்ள கவலையொன்று அச்சிற்பிக்கு இல்லை. வெட்டி நூறாண்டு சென்ற மரமும் ஐப்பசி மழையில் ஈரத்தை உண்டு பருக்கும். கோடையில் ஈரத்தை விட்டுச் சுருங்கும்.

இம்மாற்றம் எத்திசையிலும் ஒரே அளவாய் நிகழ்வதன்று. பச்சைத் தேக்கு முற்றும் உலரும்போது, நீளவாக்கில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கே குறையும். அகலவாக்கிலோ, அறுத்த முறைக்கேற்ப, நூற்றில் இரண்டு முதல் ஆறு பங்கு வரை குறையும். ஆகவே அகலமான பலகையை நாற்புறமும் ஆணியடித்து இறுக்கினால், கோடையில் அது பிளந்தே தீரும்.

செட்டிநாட்டின் வரலாற்றிலே இவ்வறிவு பெரும்பயன் தந்தது. 1852ஆம் ஆண்டுப் போரில் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் வசமாயிற்று. அதன்பின் நகரத்தார் வணிகம் அங்கே தழைத்தது. பர்மாத் தேக்கு கடல் கடந்து வந்து தூண்களாகவும், நிலைகளாகவும், கதவுகளாகவும் உருப்பெற்றது. 1942இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதும் அவ்வாழ்வு முறிந்தது. கதவுகள் மட்டும் நின்றன.

அவை நின்றதன் காரணம் யாது? தேக்கு குறைவாகவே அசையும் மரம் என்பது ஒன்று. தச்சரின் திறம் மற்றொன்று. சட்டங்களைத் துளையும் கழுந்துமாகக் கோத்து, மரமுளையால் இறுக்கினர். நடுப் பலகையையோ சட்டத்தின் காடிக்குள் ஆணியின்றிச் செருகி, ஓரத்தில் சிறிது இடம் விட்டனர். சட்டம் கதவின் அளவைக் காத்தது. பலகை பருவந்தோறும் காடிக்குள்ளேயே விரிந்து சுருங்கியது. ஐரோப்பியத் தச்சரும் பதினைந்தாம் நூற்றாண்டளவில் இம்முறையையே பரவலாகக் கையாண்டனர்.

செட்டிநாட்டு ஊர்கள் 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. எனினும், பல வீடுகள் பிரிக்கப்பட்டு அவற்றின் கதவுகள் விலைக்குப் போகின்றன. புதுப்பிக்க முனைவோர் சிலர், காடியின் இடைவெளியைப் பழுதென்று கருதி, பசையும் ஆணியும் கொண்டு அடைத்துவிடுகின்றனர். அடுத்த கோடையிலேயே பலகை வெடிக்கலாம்.

மாணவச் செல்வங்களே! பழங்கதவு ஒன்றைக் காணும்போது அதன் செதுக்கு வேலையோடு காடியையும் உற்று நோக்குங்கள். அங்கே விடப்பட்டுள்ள மயிரிழை இடமும் நம் முன்னோர் எழுதிவைத்த வரலாறே. அதை அடைத்துவிடாமற் காப்பது உங்கள் கடன்.