பெதஸ்தா குளத்தில் கலங்கிய நீர்

எருசலேமின் பெதஸ்தா குளத்தருகே, 38 ஆண்டுகளாக நோயுற்றுக் கிடந்த ஒருவரை இயேசு குணமாக்கியதாக யோவான் நற்செய்தியின் 5ஆம் அதிகாரம் சொல்கிறது. தேவதூதன் வந்து நீரைக் கலக்குவான், முதலில் இறங்குபவருக்கே சுகம் என்கிறது அதன் 4ஆம் வசனம். முண்டியடிக்கத் தெம்புள்ளவருக்கே அருள் என்றால், எழவே முடியாதவர் என்ன செய்வார்? அந்த வசனம் பிற்காலச் சேர்க்கை என்பதே என் முடிவு. சினாய், வத்திக்கான் சுவடிகள் உள்ளிட்ட மிகப் பழைய கிரேக்கப் படிகளில் அது இல்லை. கி.பி. 200ஆம் ஆண்டையொட்டிக் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் அத்தூதனைக் குறிப்பிடுகிறாரே எனலாம். அது நம்பிக்கையின் பழமைக்குச் சான்று, யோவான் எழுதியதற்கு அல்ல. நீர் கலங்கும்போது தன்னை இறக்கிவிட ஆளில்லை என்று நோயாளியே 7ஆம் வசனத்தில் முறையிடுகிறார். அதை விளக்க யாரோ எழுதிய ஓரக்குறிப்பு மூலத்துக்குள் புகுந்திருக்க வேண்டும்.

குளம் கற்பனையல்ல. புனித அன்னாள் ஆலயத்தருகே அகழ்ந்தபோது, நடுச்சுவரால் பிரிந்த இரு பெரும் தொட்டிகள் வெளிப்பட்டன. நான்கு புறமும் நடுவிலும் எனக் கொண்டால் குளத்துக்கு யோவான் சொல்லும் ஐந்து மண்டபக் கணக்கு பொருந்துகிறது. அங்கு கிடைத்த பளிங்குப் பாதமொன்றில் பொம்பேயா லூசிலியா என்ற பெண்ணின் பெயர் கிரேக்கத்தில் பொறிக்கப்பட்டுள்ளது: ரோமர் காலத்து நேர்த்திக்கடன். நீரை நம்பி வந்தவர்களின் இடம் அது. இயேசுவோ அந்த மனிதரை நீரில் இறக்கவே இல்லை. படுக்கையை எடுத்துக்கொண்டு நடக்கச் சொன்னார், அதுவும் ஓய்வுநாளில்.